குண்டூசி அக்காவின் ஐந்து பிறவிகள்

சட்டக் கல்லூரியின் பின்வாசலிலிருந்து பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியில், ஜெராக்ஸ் கடைக்கும் எப்போதும் பூட்டியே கிடக்கும் ஒரு பல் டாக்டர் அறைக்கும் நடுவே, மாடிப்படிக்கு அடியில் ஓர் இடுக்கு இருக்கிறது. அதற்குள் ஒரு தையல் மெஷின், ஓர் இஸ்திரிப் பெட்டி, ஆளுயரக் கண்ணாடி ஒன்று, இவற்றுக்கு நடுவே குண்டூசி அக்கா. உள்ளே நிமிர்ந்து நின்றால் படி மண்டையில் இடிக்கும். அதனால் அக்காவின் முன்னால் எல்லாரும் தானாகவே தலை குனிந்துவிடுவார்கள். எங்கள் பேராசிரியர் துணைவேந்தருக்குக்கூட அவ்வளவு குனிந்து நான் பார்த்ததில்லை.

அக்கா புதுசாக எதுவும் தைப்பதில்லை. பேண்ட் நீளம் குறைப்பது, இடுப்பு பிடிப்பது, ஜிப் மாற்றுவது, கோட்டுக்குள் கிழிந்து தொங்கும் உள்துணியை ஒட்ட வைப்பது, இவைதான் வேலை. வேலை நேரம் முழுக்க உதட்டிடுக்கில் நாலைந்து குண்டூசி இருக்கும். ஊசியோடு பேச முடியாது, ஆனால் "ம்" சொல்லலாம். அக்காவிடம் அந்த "ம்" பல விதத்தில் உண்டு. ஒரு "ம்"முக்குக் கையைத் தூக்க வேண்டும், ஒரு "ம்"முக்கு மூச்சைப் பிடிக்க வேண்டும், நீட்டி இழுத்த ஒரு "ம்"முக்கு, போன தடவைக்கு இந்தத் தடவை இடுப்பு பெருத்துவிட்டது என்று அர்த்தம். புரியாதவர்கள் ஊசிக்குத்து வாங்கிப் புரிந்துகொள்வார்கள்.

நூல் பெட்டிமேல் சாய்த்து வைத்த ஃபோனில் அக்காவின் வீட்டுக்காரர் இருப்பார். அவர் இந்த நாட்டில் இல்லை. இருவரும் சேர்ந்து கிளம்பினார்கள், வழியில் ஒரு துறைமுக ஊரில் அவர் மாட்டிக்கொண்டார், இவர் மட்டும் வந்து சேர்ந்தார். அங்கே அவருக்கு ஐஸ் குடோனில் ராத்திரி வேலை. பகலெல்லாம் ஃபோனை அணைக்காமல் மெஷின் சத்தத்தைக் கேட்டபடியே படுத்திருப்பார். மெஷின் ஓடினால் அவருக்குத் தூக்கம் வரும். நின்றால் விழித்துக்கொண்டு, "யாரு வந்திருக்கா?" என்பார். அக்காவுக்கு அகதி என்ற அந்தஸ்து கிடைத்தால் அவரையும் அழைத்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் அக்காவைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், எங்கிருந்து தப்பி வந்தாரோ அங்கேயே. நான் அக்காவைத் தெரிந்துகொண்ட காலத்தில் இந்த இரண்டில் எது என்பது முடிவாகாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

அங்கே என்ன நடந்தது என்று அக்கா பின்னாளில் தன் வாயால் சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன். அப்போது அவருக்குச் சொந்தமாக, தலை இடிக்காத ஒரு தையல் கடை இருந்தது. ஊர்வலத்துக்குக் கொடி வேண்டும் என்று யாரோ துணியோடு வந்தார்கள், தைத்துக் கொடுத்தார். அக்காவின் அரசியல் அறிவு, சிவப்புத் துணி சாயம் போகும், நீலம் போகாது என்பதோடு முடிந்துவிடும். மூன்றாம் நாள் ராணுவம் கடைக்குள் வந்தது. யார் தைக்கச் சொன்னது என்று அதிகாரி கேட்டார். அக்காவின் வாயில் ஊசி. இரு என்பதற்கு ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். அதிகாரி மறுபடி கேட்டார். அக்கா மறுபடி விரலைத் தூக்கினார். கேள்விக்கு வாய் திறக்காமல் விரலை ஆட்டி மிரட்டுகிறவள் சாதாரணத் தையல்காரியாக இருக்க முடியாது, நன்றாகப் பயிற்சி கொடுத்து அனுப்பப்பட்டவள் என்று அந்த ஆள் முடிவு கட்டினார். ஊசியைத் துப்பவும் விடாமல் ஜீப்பில் ஏற்றினார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை அக்கா சொல்வதில்லை. கேட்டால், "அந்தப் பக்கம் தையலைப் பிரிக்காத தம்பி" என்பார். அதோடு மெஷின் வேகமாக ஓட ஆரம்பிக்கும்.

இந்த நாட்டுக்கு வந்து மனுக் கொடுத்தபோது, முதல் நேர்காணலிலேயே ஊசிக் கதையைச் சொல்லியிருக்கிறார். அங்கிருந்த மொழிபெயர்ப்பாளர், அக்கா தமாஷுக்குச் சொல்கிறார் என்று நினைத்து, அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டார். பிறகு வக்கீல் வைத்து எழுதிக் கொடுத்தபோது ஊசி வந்தது. முதலில் சொல்லாததைப் பின்னால் சேர்த்திருக்கிறார், ஆகவே கட்டுக்கதை என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். மேல்முறையீடு மன்றத்தில் நிலுவையில் இருந்தது.

இனி என் பக்கம். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். எங்கள் தெருவுக்கும் நான்தான் என்பதை அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன். சட்டம் படித்து, அகதிகள் சட்ட ஆய்வு மையத்தில் ஆராய்ச்சியாளனாகச் சேர்ந்தேன். புலம்பெயர்ந்து வருகிறவர்களுக்காக யார் பேசுகிறார்கள், எப்படிப் பேசுகிறார்கள், அந்தப் பேச்சு மன்றத்தில் எடுபடுகிறதா என்பதுதான் மையத்தின் ஆய்வு. ஆராய்ச்சி என்றால் என்ன வேலை என்று அப்பா கேட்டார். மற்றவர்கள் எழுதியதையெல்லாம் படித்து நான் ஒன்று எழுதுவேன் என்றேன். "அப்ப உன்னோடத யாரு படிப்பா?" என்று கேட்டார். இன்னொரு ஆராய்ச்சியாளர் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சம்பளம் மட்டும் சரியாக வருகிறதா என்று கேட்டுக்கொண்டார்.

நான் நேரில் யாரையும் பேட்டி கண்டதில்லை. எனக்கு முன்னால் வந்தவர்கள் எடுத்த பேட்டிகளை நூலகத்தில் உட்கார்ந்து படிப்பேன். அப்படிப் படித்ததில்தான் யாருமே பார்க்காத ஒன்றை நான் பார்த்தேன். ஐந்து ஆய்வேடுகளில் ஐந்து பெண்கள், எல்லாரும் ஒரே நாட்டுக்காரர்கள். ஒருத்தி ரொட்டி சுடுகிறவள், ஒருத்தி முடி அலங்காரம் செய்கிறவள், ஒருத்தி சலவைக்காரி, ஒருத்தி பள்ளி ஆசிரியை, ஒருத்தி செருப்புத் தைக்கிறவள். ராணுவம் வந்து கேள்வி கேட்டபோது ஐந்து பேராலும் பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் ஐந்து பேர் வாயிலும் ஏதோ இருந்தது. முடி அலங்காரக்காரி வாயில் ஹேர்பின், சலவைக்காரி வாயில் துணி கிளிப், ஆசிரியை வாயில் சாக்பீஸ், செருப்புக்காரி வாயில் ஆணி.

ரொட்டிக்காரி வாயில் குண்டூசி.

இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. அந்த நாட்டில் மாவை மூடி வைக்கும் துணியைக் காற்றில் பறக்காமல் ஊசி குத்தி வைப்பார்கள் போலும் என்று அடிக்குறிப்பு எழுதிச் சமாளித்தேன். பேராசிரியர் அந்த அடிக்குறிப்பின் பக்கத்தில் 'அபாரம்' என்று எழுதினார்.

இந்த ஐந்து பேரை வைத்து "வேலை நேர மௌனம்" என்று ஒரு கோட்பாட்டையே உண்டாக்கினேன். இல்லாத அரசியல் கருத்தை ஒருவர்மேல் ஏற்றி அவரைத் துரத்தினாலும் அவர் அகதிதான் என்று சட்டம் சொல்கிறது. வேலை செய்கிற பெண்ணின் மௌனத்தையும் அந்த ராணுவம் அரசியல் கருத்தாகவே எடுத்துக்கொள்கிறது, ஐந்து தொழிலிலும் இதே கதை என்பது என் வாதம். கட்டுரை அச்சாகி வந்தது. பேராசிரியர் தன் அடுத்த புத்தகத்தில் இதற்கு ஒரு அத்தியாயமே ஒதுக்கினார். ஊரில் அப்பா, மகன் ஒரு மௌனத்தைக் கண்டுபிடித்திருக்கிறான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மையத்துக்கு எதிர் அறையில் இலவச சட்ட உதவி வக்கீலம்மா இருந்தார். அவர் அறையில் எல்லா நாற்காலியிலும் வழக்குக் கட்டுகள் உட்கார்ந்திருக்கும், கட்சிக்காரர்கள் நிற்பார்கள். ஒருநாள் என்னை நிற்க வைத்து, ஒரு தையல்காரம்மாவின் மேல்முறையீட்டில் என் கட்டுரையை ஆதாரமாகத் தாக்கல் செய்திருப்பதாகச் சொன்னார். மன்றத்துக்கு வந்து அதை விளக்க முடியுமா என்றும் கேட்டார். என் எழுத்து நீதிமன்றப் படி ஏறுகிறது. எனக்குத் தரையில் கால் பாவவில்லை. கட்சிக்காரர் யார், வழக்கு என்ன என்றெல்லாம் நான் கேட்கவில்லை, கேட்டாலும் விசாரணைக்கு முன்னால் அவர் சொல்லக் கூடாது. அவரும் என் கட்டுரையில் முடிவுரையை மட்டும்தான் படித்திருந்தார். வக்கீல்கள் அப்படித்தான் படிப்பார்கள். எங்களுக்கும் அது தெரியும், அதனால் முடிவுரையை மட்டும் புரியும்படி எழுதுவோம்.

மன்றத்துக்குப் போகக் கோட்டு வேண்டும். எங்கள் வம்சத்தில் முதல் கோட்டு. ரெடிமேடாக வாங்கியதில் கை நீளம் எனக்கும் அடுத்த தலைமுறைக்கும் சேர்த்து இருந்தது. விசாரணைக்கு ஒரு வாரம் முன்னால் குண்டூசி அக்காவிடம் போய்த் தலை குனிந்து நின்றேன்.

அக்கா உதட்டில் ஊசியை வைத்துக்கொண்டு கோட்டுக் கையை மடித்துக் குத்த ஆரம்பித்தார். எப்போது கிடைக்கும் என்று கேட்டேன். "ம்" என்றார். அவசரமாக வேண்டும் என்றேன். இரு என்பதற்கு ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்.

அந்த விரலைக் கண்ணாடியில் பார்த்தேன். வாயில் இருந்த ஊசியையும் பார்த்தேன். ரொட்டிக்காரி என் நினைவுக்கு வந்தாள். அவளும் விரலைத் தூக்கியவள்தான். முடிக்காரியும் தூக்கினாள், சலவைக்காரியும் தூக்கினாள். அக்கா ஊசியைச் செருகி வைக்கும் பஞ்சு மெத்தையில் குத்தி முடிக்கும்வரை பொறுத்திருந்து கேட்டேன்.

"அக்கா, உங்ககிட்ட ஆராய்ச்சிக்குன்னு யாராச்சும் பேசிட்டுப் போயிருக்காங்களா?"

"வராதவங்க யாருன்னு கேளு. பேண்ட் குறைக்க வரும்போதே கையில ரெக்கார்டரோடதான் வருவாங்க."

அக்காவுக்கு ஆட்களைப் பெயரால் தெரியாது, துணியால் தெரியும். முதலில் வந்தது நீலக் கோட்டு, பாக்கெட் ஓட்டை. அக்கா இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய புதிது, அரசாங்க நேர்காணலுக்குக்கூட இன்னும் கூப்பிடவில்லை. அப்புறம் ஜிப் போன ஜீன்ஸ். அப்புறம் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு அளவும் பின்னால் ஒரு அளவுமாக வந்த ஒருவர். அப்புறம் கட்டம் போட்ட பாவாடை. கடைசியில், தைத்து வைத்ததை இன்னும் வந்து வாங்காத ஒரு சாம்பல் பேண்ட். ஒவ்வொரு துணிக்கும் எந்த ஆய்வேடு என்று என்னால் சொல்ல முடிந்தது. நீலக் கோட்டுதான் ரொட்டிக்காரியை எழுதியவர்.

பேட்டி கொடுத்தவரை யாரும் அடையாளம் காணக் கூடாது என்பது எங்கள் ஆய்வு நெறி. அதற்காகத் தொழிலை மாற்றுவார்கள், வயதை மாற்றுவார்கள். ஐந்து பேரும் நெறி தவறாமல் அக்காவை ஐந்து பெண்களாக மாற்றியிருக்கிறார்கள். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. தொழிலை மாற்றியபோது நாலு பேர் வாயில் இருந்ததையும் அதற்கேற்ப மாற்றினார்கள். நீலக் கோட்டு மட்டும் ஊசியை எடுக்க மறந்துவிட்டார். நான் கடைசியாக வந்து ஐந்தையும் கூட்டி, இதோ பார் ஒற்றுமை என்று கை தட்டியிருக்கிறேன்.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மன்றத்தில் தன் கேசுக்கு யாரோ படித்த பையன் வந்து பேசப்போகிறான் என்று வக்கீலம்மா சொன்னது என்னைத்தான் என்று அவருக்கும், அந்தத் தையல்காரம்மா இவர்தான் என்று எனக்கும் அந்த இடுக்கில்தான் தெரிந்தது. அக்காவுக்கு வருத்தமெல்லாம் இல்லை. தனக்கு என்னென்ன வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். ஆசிரியை என்றதும் முகம் மலர்ந்து, அப்படியென்றால் பென்ஷன் வருமா என்று கேட்டார். ஆய்வேடு ஒரு பிரதி வீட்டிலேயே இருக்கிறதாம், கட்டப் பாவாடை கொடுத்தது. இஸ்திரி போட்ட மடிப்பு கலையாமல் இருக்க அதைத்தான் மேலே வைப்பாராம். நல்ல கனம் என்று பாராட்டினார்.

மெஷின் நின்று வெகு நேரம் ஆகியிருந்ததால் ஃபோனுக்குள் வீட்டுக்காரர் விழித்துக்கொண்டார்.

"என்னைப் பத்தி என்ன எழுதியிருக்காங்க?"

நான் தயங்கினேன். செருப்புக்காரியை எழுதியவர் அவளை விதவையாக்கியிருந்தார். அடையாளம் தெரியாமல் இருக்கத்தான். அதையும் அக்காவிடம் சொல்லியிருந்தேன்.

"நீங்க செத்துட்டீங்களாம்" என்றார் அக்கா.

துறைமுக ஊரில் அவர் எழுந்து உட்காருகிற சத்தம் கேட்டது.

"எப்படியாம்?"

"எழுதலையாம்."

"அதையாவது கேட்டுச் சொல்லு" என்றார் அவர்.

சிரித்த பிறகுதான் எனக்கு விஷயம் உறைத்தது. மன்றத்தில் அக்காவுக்கு இருக்கும் ஒரே பெரிய ஆதாரம் என் கட்டுரை. இவரைப் போலவே இன்னும் ஐந்து பெண்களுக்கு நடந்திருக்கிறது, ஆகவே இவர் சொல்வது நிஜம் என்பது அதன் சாரம். அந்த ஐந்து பேரும் இவரேதான் என்றால், தன் கேசுக்குத் தானே ஐந்து வேஷத்தில் வந்து சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும்.

மறுநாள் வக்கீலம்மா அறையில் நாங்கள் நாலு பேரும் நின்றோம், கட்டுகள் உட்கார்ந்திருந்தன. பேராசிரியர் நெறியைப் பிடித்துக்கொண்டார். ஐந்து பெண்கள் யார் என்பதை வெளியிடவே கூடாது, காப்பாற்றுவதாக எழுதிக் கொடுத்திருக்கிறோம், கட்டுரை இருக்கிறபடியே இருக்கட்டும் என்றார். அவர் புத்தகம் அச்சகத்தில் இருந்தது.

"காப்பாத்த வேண்டிய ஆளே வேண்டாங்குறாங்களே சார்" என்றார் வக்கீலம்மா.

தெரிந்தே ஒரு பொய்யை மன்றத்தில் விட்டுவைக்க வக்கீலம்மாவால் முடியாது. விசாரணையைத் தள்ளிப்போடக் கேட்கலாம், ஆனால் அடுத்த தேதி எப்போது வரும் என்று ஆண்டவனுக்கும் தெரியாது, துறைமுக ஊரில் வீட்டுக்காரரின் தங்கும் அனுமதியோ முடியப்போகிறது. கட்டுரையைத் திரும்பப் பெறலாம், அப்புறம் கையில் ஒன்றும் இருக்காது. என்ன செய்வது என்று எல்லாரும் அக்காவைப் பார்த்தோம். அக்கா பேராசிரியரின் கோட்டுப் பொத்தான் ஒன்று நூலில் தொங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சு பேருன்னு சொன்னா, நாளைக்கு அஞ்சு பேரையும் கூட்டிட்டு வாங்கம்பாங்க. நான் ஒருத்தி எத்தனை உடுப்பு மாத்துறது? ஒரே ஆளுன்னு சொல்லிடுவோம்மா. பயமாத்தான் இருக்கு. ஆனா அதுதான் எனக்கு ஞாபகம் வெச்சுக்க சுலபம்."

வக்கீலம்மா அன்றைக்குத்தான் என் கட்டுரையை முதல் வரியிலிருந்து படித்தார். அடிக்குறிப்புக்கு வந்ததும் படிப்பதை நிறுத்தினார். நீலக் கோட்டு எப்போது பேட்டி எடுத்தார் என்று கேட்டார். அக்கா வந்த புதிதில், அரசாங்க நேர்காணலுக்கு முன்னால் என்றேன். ஊசியைப் பற்றி என்ன சொல்லி முதல் மனுவைத் தள்ளினார்கள் என்று அப்போதுதான் அவர் என்னிடம் சொன்னார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு நீலக் கோட்டைத் தேட ஆரம்பித்தோம். அவர் இப்போது வேறு ஊரில் பாடம் நடத்துகிறார். அக்காவே ஃபோனில், "பாக்கெட் மறுபடி ஓட்டையாச்சா?" என்று ஆரம்பித்து, தன் பேச்சை மன்றத்துக்குக் கொடுக்கச் சம்மதம் சொன்னார். ஒலிப்பதிவு வந்து சேர்ந்தது.

விசாரணை அறை சின்னது. ஏசி ஓடுகிற சத்தத்தில் பாதிப் பேச்சு காணாமல் போகும் அறை. மேஜைக்கு அந்தப் பக்கம் நடுவர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதைத் தேடுகிறவர். இந்தப் பக்கம் அரசுத் தரப்பு வக்கீல், இளைஞர். அவர் பேண்ட் கீழ்மடிப்பு பிரிந்து தரையைக் கூட்டிக்கொண்டிருந்தது. அக்காவின் கண் அதைவிட்டு நகரவில்லை. கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அந்த மடிப்பைப் பார்த்தே பதில் சொன்னார்.

என் முறை வந்தது. கோட்டு அளவாக இருந்தது, தைரியம்தான் கொஞ்சம் தொளதொள. கட்டுரையில் வரும் ஐந்து பெண்களும் ஒருவரே என்றும், இதோ உட்கார்ந்திருக்கிறவர்தான் என்றும், நான் கண்டுபிடித்த கோட்பாடு இனி நிற்காது என்றும் சொன்னேன். ஒரு மனிதன் தன் பெயரைத் தானே அழிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது தெரிந்தது.

அரசு வக்கீல் எழுந்தார். அவருக்குக் கரும்புக்காட்டில் புகுந்த யானையின் சந்தோஷம். அப்படியென்றால் இந்த அம்மா ஒருவரிடம் ரொட்டிக்காரி என்றும், ஒருவரிடம் ஆசிரியை என்றும், ஒருவரிடம் விதவை என்றும் சொல்லியிருக்கிறார், இவரை எப்படி நம்புவது என்றார். அவற்றை மாற்றியது பேட்டி எடுத்தவர்கள், பேட்டி கொடுத்தவர் இல்லை என்று சொன்னேன். அவர் விடவில்லை. என் கட்டுரையைப் புரட்டி, அடிக்குறிப்பில் விரலை வைத்தார்.

"ரொட்டி சுடுறவங்க வாயில குண்டூசி எதுக்குங்க வரும்?"

ஏசி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

"வராதுங்க. தையல்காரங்க வாயிலதான் வரும்" என்றேன்.

வக்கீலம்மா எழுந்து ஒலிப்பதிவை ஓட விட்டார். முதலில் மெஷின் சத்தம். நீலக் கோட்டு ஏதோ கேட்கிறார், பதிலுக்கு "ம்". மறுபடி கேட்கிறார், இன்னொரு "ம்". நடுவர், சாட்சி ஏன் பதில் சொல்லவில்லை என்று நிமிர்ந்து பார்த்தார். ஒலிப்பதிவுக்குள் அக்கா ஊசிகளை எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. "மன்னிச்சுக்கம்மா, வாயில ஊசி. இதாலதான் எனக்கு அங்கயும் வினை வந்துச்சு" என்று ஆரம்பித்து, கடைக்குள் வந்த அதிகாரியையும் தூக்கிய விரலையும் ஒன்றுவிடாமல் சொல்கிறார். நடுவில் தூரத்திலிருந்து ஓர் ஆண்குரல், "செவ்வாய்க்கிழமை இல்லம்மா, வியாழன்" என்று திருத்துகிறது. "நீங்க சும்மா இருங்க" என்கிறார் அக்கா.

பதிவான தேதியைப் பார்க்கும்படி வக்கீலம்மா கேட்டுக்கொண்டார். அரசாங்க நேர்காணலுக்கு முந்தைய தேதி. பின்னால் சேர்த்தது என்று தள்ளப்பட்ட ஊசி, எல்லாவற்றுக்கும் முன்னாலேயே அக்காவின் வாயில் இருந்திருக்கிறது. மற்ற நாலு பேட்டிகளிலும் அடையாளத்துக்காக மாற்றியதை நீக்கிவிட்டுப் பார்த்தால் அதே கதை, அதே விரல், அதே வியாழக்கிழமை.

நடுவர் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்டுபிடித்து மாட்டிக்கொண்டு, "அந்தக் குரல் யாரோடது?" என்று கேட்டார்.

"என் வீட்டுக்காரருங்க. ஒரு புத்தகத்துல செத்துட்டாரு" என்றார் அக்கா.

நடுவர் எதையோ எழுதுவதுபோலக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது எல்லாருக்கும் தெரிந்தது. வெளியே வரும்போது அக்கா அரசு வக்கீலை நிறுத்தி, அந்த மடிப்பைத் தைத்துக்கொள்ளுங்கள், படியில் தடுக்கும் என்று சொன்னார். அவர் மறுநாளே வந்ததாகக் கேள்வி, வழக்கு நடக்கும்போது எதிர்த்தரப்புத் துணியை வாங்கக் கூடாது என்று அக்கா திருப்பி அனுப்பிவிட்டாராம்.

தீர்ப்பு வர நாளாயிற்று. அதுவரை அக்காவின் "ம்"கள் எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிட்டிருந்தன. வாடிக்கையாளர்கள் கையைத் தூக்குவதா மூச்சைப் பிடிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார்கள். வக்கீலம்மாவுக்குத் தகவல் வந்த அன்று நான்தான் ஓடினேன். ஓடின வேகத்தில் படியில் மண்டையை இடித்துக்கொண்டேன். அக்கா யாருடைய பாவாடைக்கோ விளிம்பு குத்திக்கொண்டிருந்தார்.

"அக்கா, கொடுத்துட்டாங்க. இருக்கலாம்."

"ம்" என்றார் அக்கா.

வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மெத்தையில் குத்தினார். ஒன்று கை தவறிக் கீழே விழுந்தது. அதைத் தேடிக் குனிந்தவர் வெகு நேரம் நிமிரவில்லை. மெஷின் நின்றதில் வீட்டுக்காரர் விழித்திருந்தார்.

"என்னம்மா, சத்தத்தையே காணோம்? வாயில ஊசியா?"

"இல்லைங்க" என்றார் அக்கா, தரையிலிருந்தபடியே. "நீங்க கிளம்பி வாங்க."

என் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். பேராசிரியரும் தன் புத்தகத்திலிருந்து அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டார். புத்தகம் மெலிந்துவிட்டது, அவர் என்னோடு கொஞ்ச நாள் பேசவில்லை. பிறகு தொங்கின பொத்தானை அக்காவிடம் தைக்கக் கொடுத்து, அங்கே நின்றபடியே, ஒரே ஆளைப் பல பேர் பேட்டி கண்டு பல பேராக்கிவிடும் பழக்கத்தைப் பற்றி நானும் அவரும் சேர்ந்து எழுதலாம் என்றார். எழுதிக்கொண்டிருக்கிறோம். அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னபோது, அஞ்சு ஆளு ஒரு ஆளாயிட்டாங்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"அப்ப மீதி நாலு பேருக்கு ஒண்ணும் ஆகலை. நல்ல சேதிதானே, ஏன் இப்படிச் சுரத்தில்லாமப் பேசுற?" என்றார். எங்கள் துறையில் இந்தக் கோணத்தில் இதுவரை யாரும் பார்க்கவில்லை.

வீட்டுக்காரர் வந்துவிட்டார். ஃபோன் இருந்த நூல் பெட்டி மேல் இப்போது அவரே உட்கார்ந்திருக்கிறார், மெஷின் ஓடினால் உட்கார்ந்தபடியே தூங்கிப்போகிறார். நினைத்ததைவிட உயரமான மனிதர், தினம் ஒருமுறையாவது இடித்துக்கொள்கிறார். போன வாரம் புதிதாக ஒரு ஆராய்ச்சி மாணவி, கையில் ரெக்கார்டரும் நீளம் குறைக்க ஒரு பேண்டுமாக வந்தாள். நானும் சட்டைக்குப் பொத்தான் வைக்கப் போயிருந்தேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றிவிடுவோம், கவலைப்பட வேண்டாம் என்று அவள் நெறிப்படி விளக்கினாள். அக்கா என்னைப் பார்த்து வாயில் ஊசியோடு ஒரு "ம்" சொன்னார். இதுவரை நான் கேட்டிராத "ம்".

மெஷின் நின்றிருந்தது. வீட்டுக்காரர் கண்ணைத் திறந்தார்.

"தொழில எதுவா வேணா மாத்திக்கம்மா. என்னை மட்டும் இந்தத் தடவை உயிரோட விட்டுடு" என்றார்.